காதி நீதிமன்றத்தில் 14 மாதங்கள்: ஒரு சேவை மதிப்பீடு

என் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, கணவனிடம் வாழ்க்கைச் செலவு கேட்ட தாபரிப்பு வழக்குக்கும், அதைத் தொடர்ந்து விவாகரத்துக் கேட்ட பஸஹ் வழக்குக்குமாக 14 மாதங்கள், முஸ்லிம்களின் விவாகப் பிணக்குகளை விசாரிக்கும் ஒரு காதி நீதிமன்றத்துக்குப் போய்வந்திருக்கிறோம். எந்த ஊர், எந்தக் காதியார் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த ஊரின் குறை என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயங்களைவிட, இலங்கையில் எந்த ஊரில் இந்தச் சேவையை நாடினாலும் எதிர்ப்படக்கூடிய விஷயங்களே இதில் அதிகம். நாளை தன் மகளையோ தங்கையையோ அழைத்துக்கொண்டு இதே படியேறப்போகிறவருக்கு, எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவற்றைச் சொல்லிவைக்க வேண்டும் என்ற எண்ணத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். இந்தச் சேவையில் அது இயலாது. இலங்கையின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், இஸ்லாத்தைப் பின்பற்றும் இருவருக்கிடையிலான விவாகத்தைத் தன் வரைவிலக்கணத்திலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே முஸ்லிம் ஆணும் முஸ்லிம் பெண்ணும் விவாகம் செய்தால் அது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழேயே பதியப்படும். பிணக்கு வந்தால் காதியாரிடமே போகவேண்டும். நாடெங்கும் ஏறத்தாழ 65 காதி நீதிமன்றங்கள் இருக்கின்றன. மனைவி எந்தப் பிரதேசத்தில் வசிக்கிறாரோ அந்தப் பிரதேசத்துக் காதியாரிடமே விவாகரத்து விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அது பெண்ணுக்கு வசதியான விதிதான். எங்களுக்கும் அலைச்சல் குறைந்தது.

நாங்கள் போன நீதிமன்றம் ஒரு மத்ரஸாவின் மேல்மாடி வகுப்பறை. சனிக்கிழமை காலையில் கூடும். பிள்ளைகள் உட்காரும் தாழ்வான வாங்குகளில் வழக்காளிகள் உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகையில் முந்தைய நாள் பாடத்தின் அரபு எழுத்துக்கள் அழியாமல் இருக்கும். காதியாரின் மேசைக்கும் முதல் வாங்குக்கும் இடையில் நான்கு அடி இருக்கலாம். கணவன் அடித்ததை, இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதை, மருத்துவமனையில் எத்தனை தையல் போட்டார்கள் என்பதை ஒரு பெண் அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்லும்போது, அடுத்து அழைக்கப்படக் காத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ராத்தா முதல் நாள் தன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தினார். காதியார் வயதானவர், காது சற்று மந்தம். "சத்தமாச் சொல்லுங்க மகள்" என்றார். ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

இதைக் காதியாரின் தவறாக நான் எழுதவில்லை. அவருக்கு அரசாங்கம் கட்டடம் தரவில்லை. நிரந்தர எழுதுவினைஞரும் இல்லை. அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவன் கோப்புகளை எடுத்துக் கொடுத்தான். மாதம் சில ஆயிரம் ரூபாய்க் கொடுப்பனவில் பகுதிநேரமாகச் செய்யப்படும் வேலை அது. நாட்டின் வேறு இடங்களில் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் காதியாரின் சொந்த வீட்டு விறாந்தையிலும் இந்த நீதிமன்றங்கள் கூடுகின்றன. நீதிபதியை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. அவர் நடைமுறைப்படுத்துவது பாராளுமன்றம் இயற்றிய சட்டம். அவருடைய கட்டளையை நிறைவேற்ற அரசாங்கத்தின் மற்ற நீதிமன்றங்கள் இருக்கின்றன. அப்படியிருக்க, அறையும் மேசையும் கதவும் மட்டும் சமூகம் தேடிக்கொள்ள வேண்டியவை என்பது எப்படிச் சரியாகும்? மார்க்கத்துக்கு மதிப்பளித்து ஒதுங்கியிருக்கிறோம் என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது மதிப்பாகத் தெரியவில்லை.

நல்ல பக்கங்களும் உண்டு. அவற்றை மறைப்பது நியாயமாகாது. செலவு மிகக் குறைவு. விண்ணப்பத்துக்கும் பயணத்துக்கும் போட்டோப் பிரதிக்கும் ஆனதைத் தவிர எங்களுக்குப் பெரிய செலவு எதுவும் வரவில்லை. எல்லாம் தமிழில் நடந்தது. நாம் பேசுவது அவருக்கு விளங்கியது, அவர் எழுதியது நமக்கு விளங்கியது. சட்டத்தரணியின் கந்தோரில் காத்திருந்து, அவர் சொல்லும் மொழி புரியாமல் தலையாட்டிவிட்டு வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். தாபரிப்பு, மஹர் (மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மணக்கொடை), இத்தாக் காலச் செலவு (விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் காலத்துக்கானது), பிள்ளைப்பேற்றுச் செலவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கலாம்.

கைக்கூலியை மீட்கும் உரிமையைப் பலர் அறிந்திருப்பதில்லை. பெண் வீட்டார் மணமகனிடம் கொடுத்த பணமோ நகையோ வேறு அசையும் பொருளோ பெண்ணின் பயன்பாட்டுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் கருதுகிறது. அதைத் திருப்பித் தரும்படி கட்டளையிடக் காதியாருக்கு அதிகாரம் உண்டு. 'கைக்கூலி' என்ற தமிழ்ச் சொல்லையே அந்தச் சட்டம் தன் ஆங்கில மூலத்தில் அப்படியே எடுத்து வைத்து, அதற்கு வரைவிலக்கணமும் கொடுத்திருக்கிறது. அரபு நாட்டு மார்க்க நூல் எதிலும் இந்தச் சொல் இருக்க முடியாது. நம்முடைய ஊர் வழக்கம் சட்டமாகி, ஷரீஆ என்ற பெயரின் கீழே உட்கார்ந்திருக்கிறது. ராத்தாவுக்கு இதைச் சொன்னபோதுதான், வாப்பா கொடுத்த பணத்தின் பற்றுச்சீட்டைத் தேடத் தொடங்கினோம். உம்மாவின் அலுமாரியில், விவாக அழைப்பிதழுக்குள் மடித்து வைத்த நிலையில் அது கிடைத்தது. கிடைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொடுக்கும் நாளிலேயே எழுதி வாங்குங்கள். இப்போது விவாகப் பதிவுப் படிவத்திலேயே அந்தத் தொகையைக் குறிப்பிட இடம் இருக்கிறது. வெட்கப்பட்டு அதை வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.

அந்த 14 மாதங்களில் நான் அதிகம் யோசித்தது ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். நாங்கள் எதைக் கேட்டாலும், ஏன் இப்படி என்று எதைச் சுட்டினாலும், அந்த அறையில் ஒரே பதில் கிடைத்தது: "மார்க்கத்தில் அப்படித்தான் இருக்கிறது." சட்டத்தரணியை அழைத்து வரலாமா என்று கேட்டேன், அதே பதில். காதியாருடன் அமர்ந்து விசாரிக்கும் ஜூரிகளில் ஒரு பெண் இருந்தால் ராத்தா கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவாரே என்றேன், அதே பதில். வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிரிவு பிரிவாகப் படித்தபோதுதான் தெரிந்தது, எங்களுக்கு மார்க்கம் என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி 1951இல் பாராளுமன்றத்தில் எழுதப்பட்ட வாசகங்கள் என்று. சட்டத்தரணிகள் தோன்றக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. காதியாராக நல்லொழுக்கமும் தகுதியும் உள்ள முஸ்லிம் ஆணை நியமிக்கலாம் என்பது 12ஆம் பிரிவு. சட்டப் பட்டமோ மௌலவிப் பட்டமோ அதில் கட்டாயமாக்கப்படவில்லை. மேன்முறையீடுகளைக் கேட்கும் காதிகள் சபைக்கு ஐந்து முஸ்லிம் ஆண்கள் என்பதும், விவாகப் பதிவாளர் ஆணாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளவைதான்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் உள்ள வரலாறு இன்னும் நீளமானது. இலங்கையில் முஸ்லிம்களின் விவாகச் சட்டம் முதலில் எழுத்தில் வந்தது ஒல்லாந்தர் காலத்தில். அவர்கள் தங்கள் ஆட்சியிலிருந்த பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், தொகுத்து வைத்திருந்த விதிகளை இங்கே கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் அதைத் தழுவி 1806இல் முகம்மதியர் சட்டக்கோவையாக வெளியிட்டார்கள். 1852இல் அது தீவு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. காதி என்ற பதவியைச் சட்டபூர்வமாக உருவாக்கியது 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அதன் இடத்தை 1951ஆம் ஆண்டின் சட்டம் எடுத்துக்கொண்டு, 1954இல் நடைமுறைக்கு வந்தது. ஒல்லாந்த வணிகக் கம்பனியின் அதிகாரிகளும், காலனிய நீதிபதிகளும், சட்டசபையில் அமர்ந்திருந்த நம் சமூகத்துப் பெரியவர்களும், ஷாபி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) நூல்களும், ஊர் வழக்கமும் கலந்து உருவான ஒன்று இது. இதில் அல்லாஹ்வின் வசனமும் இருக்கிறது, மனிதர்களின் முடிவும் இருக்கிறது. எது எது என்று பிரித்துக் காட்டத் தெரியாதவர் எல்லாவற்றையும் மார்க்கம் என்று சொல்லிவிடுகிறார். கேட்பவருக்கு மறுத்துப் பேச வாயெழுவதில்லை. ஒரு முஸ்லிமாக எனக்கு அதிகம் வலித்தது இதுதான். மனிதர் எழுதிய நடைமுறைக் குறைக்கு இறைவனின் பெயரைக் காரணமாகச் சொல்வதைப் பார்த்துக்கொண்டு அந்த வாங்கில் உட்கார்ந்திருப்பது எளிதாக இருக்கவில்லை.

மார்க்க அறிஞர்களிடையே இந்த விஷயங்களில் ஒரே கருத்து இருந்ததும் இல்லை. பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் விவகாரங்களில் பெண் காதியாக இருக்கலாம் என்பது ஹனபி மத்ஹபின் நிலைப்பாடு. இமாம் தபரி அந்த வரையறைகூட வேண்டியதில்லை என்று கருதினார். பருவமடைந்த பெண் 'வலி' எனப்படும் பாதுகாவலர் இல்லாமல் தன் விவாகத்தைத் தானே செய்துகொள்ளலாம் என்பதும் ஹனபிகளின் கருத்தே. ஷாபிகள் அதை ஏற்பதில்லை, நம் நாட்டில் பெரும்பான்மையினர் ஷாபிகள் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் ஷாபி மத்ஹபே பெரும்பான்மையாக உள்ள மலேசியாவில் 2010இலேயே ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். அதே மத்ஹபினர் வாழும் இந்தோனேசியாவில் மார்க்க நீதிமன்றங்களில் பெண்கள் நீண்ட காலமாக நீதிபதிகளாக இருக்கிறார்கள். 2019இல் அந்த நாடு பெண்ணின் விவாக வயதை ஆணுக்கு நிகராக 19 ஆக உயர்த்தியது. தமிழ் முஸ்லிம்களும் மலாய் முஸ்லிம்களும் வழக்காடும் சிங்கப்பூர் ஷரீஆ நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்றலாம். பிரிட்டிஷ் இந்தியாவில், கணவன் காணாமற்போன பெண்களுக்கு ஹனபி நூல்களில் வழி கிடைக்காதபோது, தேவ்பந்த் மத்ரஸாவின் மார்க்க அறிஞர்களே மாலிகி மத்ஹபிலிருந்து தீர்வை எடுத்துக்கொடுத்தார்கள். அதன் அடிப்படையில் 1939இல் முஸ்லிம் விவாகங்களைக் கலைக்கும் சட்டம் வந்தது. மார்க்க அறிஞர்கள் சட்டத்தை மாற்றுவதற்குத் தடையாகத்தான் இருப்பார்கள் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

சேவையின் தரத்துக்குத் திரும்புகிறேன். ஒரே மேசையில் இரண்டு வரிசைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனின் வரிசை 27ஆம் பிரிவு. அவர் தலாக் சொல்ல விரும்புவதாகக் காதியாருக்கு அறிவித்தால் போதும். குற்றம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. காதியார் உறவினரையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்துச் சமாதானம் செய்துபார்ப்பார். முடியாவிட்டால் தலாக் சொல்லப்பட்டுப் பதியப்படும். மனைவியின் வரிசை 28ஆம் பிரிவு. துன்புறுத்தல், அல்லது அவர் சார்ந்த மத்ஹபின்படி குற்றமாகக் கருதப்படும் செயலோ செய்யாமையோ இருந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டும். காதியாருடன் மூன்று ஜூரிகள் அமர்ந்து விசாரிப்பார்கள்; மூவரும் ஆண்கள். சாட்சிகளை அழைத்துவர வேண்டும். கணவனின் துன்புறுத்தலுக்குச் சாட்சி யார்? அடுத்த வீட்டுப் பெண். அவருக்கு ஊர்ப்பகை வேண்டாம். உம்மா, அவர் பேசுவதைப் பாசம் என்று தள்ளிவிடுவார்கள். ராத்தாவுக்காகக் கடைசியில் சாட்சி சொல்ல வந்தவர் அவருடைய கணவனின் சொந்த மாமி. அந்த மனுஷி சனிக்கிழமை காலை வெள்ளை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறி வந்து, "நான் பார்த்ததைச் சொல்லாவிட்டால் நாளை மறுமையில் என்னிடம் கேட்கப்படும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் மார்க்கம் பேசியதை நான் முழுமையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

விசாரணை முறையைப் பற்றிச் சொல்ல எனக்கு மூன்று குறைகள் உண்டு. தவணைகள் முதலாவது. எதிர்த்தரப்பு வரவில்லை என்றால் அடுத்த மாதம்; ஜூரிகளில் ஒருவர் வரவில்லை என்றால் அதற்கடுத்த மாதம். எங்களுக்கு வைக்கப்பட்ட தவணைகளில் ஐந்து இப்படியே போயின. அடுத்தது, குறிப்பெடுப்பது. ராத்தா பத்து நிமிடம் சொன்னது கோப்பில் மூன்று வரியாக இருந்தது. அந்த மூன்றில் ஒரு வரி அவர் சொல்லாதது. வாசித்துக் காட்டும்படி நாங்கள் கேட்டதால்தான் திருத்த முடிந்தது. மூன்றாவது, சமாதானம் என்ற பெயரில் நடக்கும் வற்புறுத்தல். சமாதானம் செய்துவைப்பது மார்க்கம் சொன்ன அழகிய காரியம். குர்ஆன் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்தச் சொல்கிறது. ஆனால் கையில் காயத்தோடு வந்தவரிடம் "ஆம்பிளைகள்ட கோபம் அப்படித்தான், கொஞ்சம் பொறுமையா இருங்க" என்று சொல்லி அனுப்புவது நடுவர் செய்யும் வேலை அல்ல. அப்படிச் சொல்லி இரண்டு மாதம் திருப்பியனுப்பப்பட்டோம்.

ராத்தாவின் விவாகச் சான்றிதழைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதல் நாள் அதன் பிரதியைக் கொடுக்கும்போது அவர் அதை முதன்முறையாக முழுவதும் வாசித்தார். மணமகனின் கையொப்பம் இருந்தது. வாப்பா வலியாக ஒப்பமிட்டிருந்தார். நிக்காஹ்வை நடத்தியவர் ஒப்பமிட்டிருந்தார். "என்ட ஒப்பம் எங்க தம்பி?" என்று கேட்டார். இல்லை. சட்டம் அதைக் கேட்கவில்லை. மணமகளின் சம்மதம் மார்க்கத்தில் கேட்கப்பட வேண்டியது. நபிகளார் காலத்திலேயே சம்மதமின்றி மணமுடித்து வைக்கப்பட்ட பெண்ணின் முறைப்பாடு ஏற்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் அந்தச் சம்மதத்துக்கு ஆதாரமாக ஒரு கோடு இழுக்கக்கூடப் படிவத்தில் இடம் விடப்படவில்லை. அதே ராத்தா விவாகரத்துக் கோப்பில் 14 மாதங்களில் எத்தனை இடங்களில் ஒப்பமிட்டார் என்று எண்ணிப் பார்த்தேன்: பதினொன்று.

விவாக வயதைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. பொதுச் சட்டத்தில் 1995 முதல் விவாக வயது 18. முஸ்லிம் சட்டத்தின் 23ஆம் பிரிவோ, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையின் விவாகத்தைப் பதியக் காதியாரின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. 12க்கும் 18க்கும் இடையில் உள்ள பிள்ளையைப் பாதுகாக்க அதில் ஒன்றுமில்லை. நம் ஊர்களில் பெரும்பாலான பெற்றோர் பிள்ளைகளை உயர்தரம்வரை படிக்க வைக்கிறார்கள், வயது வந்த பிறகே மணமுடித்து வைக்கிறார்கள் என்பது உண்மை. அந்தப் பெரும்பாலானோருக்குச் சட்டம் தேவைப்படுவதில்லை. எஞ்சியுள்ள பிள்ளைகளுக்காகவே அது தேவைப்படுகிறது.

இந்தக் குறைகளை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்பவர்களுக்கு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரையைக் காட்ட வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பு வருமுன் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று அது சொல்கிறது. கண்டிச் சிங்களவரின் கண்டியச் சட்டத்துக்கும் வடபகுதித் தமிழரின் தேசவழமைக்கும் கிடைக்கும் அதே பாதுகாப்பு இது. ஆகவே மாற்றம் பாராளுமன்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். 1970களிலிருந்து குழுக்கள் அமைக்கப்பட்டு வந்திருக்கின்றன. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2018 ஜனவரியில் தன் அறிக்கையைக் கையளித்தபோது உறுப்பினர்கள் இரு தரப்பாகப் பிரிந்து இரு நிலைப்பாடுகளை முன்வைத்தார்கள். ஒன்பது ஆண்டுகள் அதற்குப் போயின.

பிறகு 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்தது. நம் பெண்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்த திருத்தம், முஸ்லிம்களைத் தண்டிக்க விரும்புகிறவர்களின் கையில் கோஷமாக மாறியது. 2021இல் காதி நீதிமன்றங்களை ஒழிக்க அமைச்சரவை முடிவெடுத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்ற செயலணி பௌத்த பிக்குவான ஞானசார தேரரின் தலைமையில் அமைக்கப்பட்டது. முஸ்லிம்கள் மீதான வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன ஒருவர் முஸ்லிம் பெண்ணின் விவாகத்தைப் பற்றி முடிவு சொல்ல அமர்த்தப்பட்டதைப் பார்த்து, திருத்தம் வேண்டும் என்று பேசிவந்த பலரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மௌனத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், சனிக்கிழமை காலையில் அந்தத் தாழ்வான வாங்கில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான்.

காதி நீதிமன்றத்தை மூட வேண்டும் என்பது என் கருத்தல்ல. ராத்தாவிடமும் கேட்டேன், அவரும் அப்படிச் சொல்லவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக நடக்கும் விவாகரத்து வழக்குகளைப் பார்த்த எவரும் அதை இலகுவாகச் சொல்ல மாட்டார்கள். மார்க்கப்படி பிரிந்தேன் என்ற மனநிறைவு ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு எவ்வளவு பெரியது என்பதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளங்காது. முழுநேரச் சம்பளத்தில், சட்டமும் பிக்ஹும் (இஸ்லாமியச் சட்டவியல்) இரண்டும் படித்த காதி. ஆணோ பெண்ணோ, தகுதி இருந்தால் போதும். கதவு உள்ள அறை. ஒழுங்காக எழுதப்படும் பதிவேடு. விரும்பினால் சட்டத்தரணியை அழைத்துவரும் உரிமை. மணமகளின் கையொப்பத்துக்கு ஒரு கோடு. இவற்றில் எதற்கும் குர்ஆன் வசனம் ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

போகப்போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். விவாகச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள். அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதியைக் கொடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் திகதியோடு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையொப்பமிடாதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மருத்துவ அறிக்கை, பிள்ளைகளின் பாடசாலைச் செலவுச் சீட்டுகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். பிள்ளைகளின் பாதுகாவல் காதியாரின் அதிகாரத்துக்குள் வராது. அதற்கு மாவட்ட நீதிமன்றத்துக்கே போக வேண்டும். இதை அறியாமல் நாங்கள் மூன்று தவணைகளை வீணாக்கினோம். முடிவு பிழை என்று பட்டால் கொழும்பிலுள்ள காதிகள் சபைக்கும், அங்கிருந்து, மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று அந்த நீதிமன்றத்துக்கும் போகலாம். மேன்முறையீட்டுக்குக் காலவரையறை உண்டு, ஆகவே கட்டளையின் பிரதியை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

கட்டளை கிடைத்துவிட்டது என்பதற்காகப் பணம் கைக்கு வந்துவிடாது. காதியார் விதித்த தாபரிப்பை ராத்தாவின் கணவர் இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டார். காதியாருக்கு அவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் நேரடியாக இல்லை. நிலுவையை அறவிடும்படி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே அது அபராதத்தைப் போல அறவிடப்படும். அந்தக் கடிதத்தைப் பெறவே ஏழு வாரங்கள் ஆயின. நீதவான் நீதிமன்றத்துக்குப் போன அன்று, கரும்பலகைக்குப் பதிலாகப் பெயர்ப்பலகையும், வாங்குக்குப் பதிலாகக் கதிரையும் இருந்தன. எழுதுவினைஞர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, சீட்டில் ராத்தாவின் முழுப்பெயரையும் எழுதிப் பேனையை அவரிடம் நீட்டினார். ராத்தா சீட்டை ஒருமுறை வாசித்துவிட்டு ஒப்பமிட்டார். பிறகு அதன் இரண்டாம் பிரதியைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.